அறிவியல் செய்தியின் பின்னால் இருக்கும் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கே2-18பி என்ற கோளில் உயிர் இருப்பதற்கான அறிகுறி கிடைத்துவிட்டது என்று 2025 ஏப்ரலில் ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது நினைவிருக்கலாம். சில வாரங்கள் கழித்து, ஆதாரம் போதாது என்று இன்னொரு செய்தி வந்தது. இரண்டையும் படித்த பலர், விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை மாற்றிச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. இரு தரப்பு ஆய்வுக் கட்டுரைகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தால் யாரும் பேச்சு மாறவில்லை என்பது புரியும்.

நான் படித்தது வணிகவியல். என்னால் முடிகிறது என்றால் உங்களாலும் முடியும். கே2-18பி செய்தியையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். கூகுளில் தேடத் தெரியும், ஆங்கிலத்தில் ஒரு பத்தியைச் சிரமப்பட்டாவது படித்துவிட முடியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: செய்தியிலிருந்து துப்பு எடுங்கள்

ஆய்வாளர் பெயர், நிறுவனம், ஆய்விதழின் பெயர், வெளியான தேதி. இவற்றில் இரண்டு கிடைத்தாலே போதும். "லண்டன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்று மொட்டையாக இருந்தால், எதை ஆராய்ந்தார்களோ அதன் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் செய்தியில் கிடைப்பவை: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஆய்வுக் குழுவின் தலைவர் நிக்கு மதுசூதன், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, டைமெத்தில் சல்பைடு என்ற வாயு. தமிழில் படித்த பெயருக்கு ஆங்கில எழுத்து என்ன என்பதுதான் இங்கே வரும் சிக்கல். இதற்கு எளிய வழி, தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தப் பொருளின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பது. வேதிப்பொருள், கோள், நோய், விலங்கு என்று பெரும்பாலானவற்றுக்கு இது கைகொடுக்கும்.

படி 2: பத்திரிகைக் குறிப்பைப் பிடியுங்கள்

செய்தித்தாள்களில் வரும் அறிவியல் செய்திகளில் பெரும்பகுதி பல்கலைக்கழகம் வெளியிடும் பத்திரிகைக் குறிப்பிலிருந்து எழுதப்படுபவை. கோளின் பெயரையும் கேம்பிரிட்ஜ் என்பதையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் அந்தக் குறிப்பு வந்துவிடும். அதையும் படியுங்கள். நம்முடைய முடிவுகளையே நாம் ஆழமாகச் சந்தேகிக்க வேண்டும் என்று மதுசூதன் அதில் சொல்லியிருக்கிறார். செய்தி கைமாறிக் கைமாறி வந்தபோது இந்த எச்சரிக்கைதான் முதலில் உதிர்ந்து போனது.

குறிப்பின் அடியில் ஆய்வுக் கட்டுரையின் பெயரும் டிஓஐ எண்ணும் இருக்கும். டிஓஐ என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண். அது எப்போதும் 10 என்று தொடங்கும், பிறகு ஒரு புள்ளி, சில எண்கள், ஒரு சாய்கோடு. ஆய்விதழின் இணையதளம் முகவரி மாறினாலும் இந்த எண் மாறாது. இதை நகலெடுத்து டிஓஐ தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினால் நேரே கட்டுரைக்குப் போய்விடலாம்.

டிஓஐ கேட்டு ஏஐ உரையாடல் செயலிகளிடம் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இல்லாத கட்டுரைக்கும் பொருத்தமாகத் தெரியும் ஓர் எண்ணை அவை உருவாக்கிக் கொடுத்துவிடும். அங்கே வாங்கியிருந்தால் டிஓஐ தளத்தில் கட்டாயம் சரிபாருங்கள்.

படி 3: கட்டுரை பூட்டியிருந்தால்

கே2-18பி கட்டுரை வந்தது ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல் லெட்டர்ஸ் என்ற இதழில். அது எல்லோருக்கும் திறந்திருக்கும் இதழ், பணம் கேட்காது. பணம் கேட்கும் இதழாக இருந்தால், கட்டுரைத் தலைப்பை ஆர்க்சிவ் (arXiv) தளத்தில் தேடுங்கள். இயற்பியல், வானியல், கணிதம், கணினியியல் கட்டுரைகளில் ஏராளமானவை அங்கே இலவசமாக இருக்கின்றன. உயிரியல் என்றால் பயோஆர்க்சிவ் (bioRxiv). உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியை நிறுவிவிட்டால், பூட்டிய கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். நான் முதலில் பரிந்துரைக்கும் கருவி இதுதான்.

இந்தியாவில் அரசுக் கல்லூரியிலோ மத்திய, மாநிலப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் அடக்கம். நூலகரிடம் கேளுங்கள். இது தெரியாமல் மாணவர்கள் சிரமப்படுவதைப் பார்க்கிறேன்.

எதுவும் நடக்கவில்லையா? கட்டுரையில் தொடர்புக்கு என்று போட்டிருக்கும் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாக அனுப்பி வைப்பார்கள்.

படி 4: வரிசையாகப் படிக்காதீர்கள்

முதலில் சுருக்கம். அப்புறம் படங்களும் அவற்றின் கீழ் உள்ள விளக்கங்களும். அடுத்து, கடைசியில் வரும் விவாதப் பகுதி. செய்முறைப் பகுதியை முதல் தடவை தாண்டிவிடலாம்.

கே2-18பி கட்டுரையின் சுருக்கத்தை இப்படிப் படித்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடுகிறது. பத்திரிகைக் குறிப்பிலிருந்து கொஞ்சம் பின்னணி: கோள் 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, பூமியைப் போல சுமார் 8.6 மடங்கு நிறை, 2.6 மடங்கு ஆரம். அதன் விண்மீனுக்கு முன்னால் கோள் கடக்கும்போது, விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பங்கு கோளின் காற்று மண்டலத்தின் வழியாக வருகிறது. எந்த அலைநீளத்தில் ஒளி குறைகிறது என்று பார்த்து அங்கே என்ன வாயு இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். டைமெத்தில் சல்பைடு அல்லது டைமெத்தில் டைசல்பைடு அல்லது இரண்டும் இருப்பதற்கான சான்று 3 சிக்மா அளவில் கிடைத்திருக்கிறது என்கிறது சுருக்கம். சிக்மா என்பது சமிக்ஞையின் வலுவைச் சொல்லும் அளவு, அது கூடக் கூடத் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். விவரம் அடுத்த படியில். கூடவே, இன்னும் அவதானிப்புகள் தேவை, உயிரின்றி இந்த வாயுக்கள் உருவாகும் வழிகளையும் ஆராய வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

டைமெத்தில் சல்பைடு ஏன் முக்கியம்? பூமியில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணுயிரிகள். பரபரப்புக்குக் காரணம் அதுதான்.

படி 5: எண் எதைச் சொல்கிறது?

நான் அதிக நேரம் நின்றுபோன இடம் இது. அதனால் நிதானமாகவே போகிறேன்.

3 சிக்மா என்றால் 0.3 சதவீதம் என்று செய்திகளில் வந்தது. உடனே நம் மனம் நூறிலிருந்து அதைக் கழித்து, 99.7 சதவீதம் உயிர் இருக்கிறது என்று கணக்குப் போடும். பல காணொளிகளில் இதையேதான் சொன்னார்கள். அந்த 0.3 சதவீதத்தின் பொருள் வேறு. அந்த வாயு அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வெறும் தற்செயலால் இந்த அளவு வலுவான சமிக்ஞை தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. வாயு இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. உயிர் இருக்கிறதா என்பது அதிலிருந்தும் வெகு தூரம் தள்ளி நிற்கும் கேள்வி.

400 மாணவர்கள் ஆளுக்கு எட்டு முறை நாணயம் சுண்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு முறையும் தலை விழ வாய்ப்பு 256-ல் ஒன்று, அதாவது சுமார் 0.4 சதவீதம். அப்படியென்றால் அந்தக் கூட்டத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு எட்டும் தலையாகவே விழும் என்று எதிர்பார்க்கலாம். அவர் கையில் இருக்கும் நாணயத்தில் விசேஷம் எதுவும் இல்லை. உலகம் முழுக்க எத்தனையோ குழுக்கள் எத்தனையோ தரவுகளை அலசும்போது, 3 சிக்மா அளவிலான தற்செயல்கள் நடந்துகொண்டேதான் இருக்கும்.

இதனால்தான் துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா கேட்கிறார்கள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் அறிவித்தது அந்த அளவை எட்டிய பிறகுதான். அதே செர்னில் 2015 டிசம்பரில், 750 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் என்ற ஆற்றல் அளவுக்கு அருகே, தரவின் வரைபடத்தில் 3 சிக்மாவைத் தாண்டிய ஒரு மேடு தெரிந்தது. அதை விளக்க நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016-ல் கூடுதல் தரவு வந்ததும் மேடு மறைந்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, 3 சிக்மாவின் இயல்பே அது. கே2-18பி விஷயத்திலும், ஜேம்ஸ் வெப்பில் இன்னும் 16 முதல் 24 மணி நேர அவதானிப்பு கிடைத்தால் 5 சிக்மாவை எட்டக்கூடும் என்று கேம்பிரிட்ஜ் குழுவே சொன்னது.

எனவே எந்தக் கட்டுரையிலும் எண்ணைப் பார்த்ததும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். சமிக்ஞை உண்மையானதா? உண்மை என்றால், அதற்கு இவர்கள் சொல்லும் பொருள்தான் காரணமா, வேறொன்றாக இருக்கலாமா? அதே பொருள்தான் என்றால், அது வேறு வழியில் உருவாகாதா? சிக்மா பேசுவது முதல் கேள்வியை மட்டும்தான். மூன்றாவது கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. 67பி என்ற வால்நட்சத்திரத்தில் ரொசெட்டா விண்கலம் எடுத்த தரவுகளில் டைமெத்தில் சல்பைடு இருந்ததை 2024-லேயே கண்டிருந்தார்கள். வால்நட்சத்திரத்தில் உயிர் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 6: மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?

கூகுள் ஸ்காலரில் கட்டுரையைத் தேடினால், அதன் கீழே இதை மேற்கோள் காட்டியவை என்று ஓர் இணைப்பும் எண்ணிக்கையும் இருக்கும். அதைச் சொடுக்குங்கள். பின்னர் வந்த கட்டுரைகள் வரிசையாக விரியும். வானியலுக்கு மட்டும் நான் நாசாவின் ஏடிஎஸ் என்ற கட்டுரைத் தேடல் தளத்தையே விரும்புகிறேன். தேதி வாரியாக அடுக்கிப் பார்க்க அது வசதி.

நம் கட்டுரைக்கு இதைச் செய்தால் சுவையான விவாதம் ஒன்று கண்முன் விரிகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் அதே தரவில் வெறும் நேர்க்கோட்டைப் பொருத்திப் பார்த்தார். அது பொருந்தியது, அதாவது எந்த வாயுவின் தடமும் உறுதியாக இல்லை என்றார். லூயிஸ் வெல்பேங்க்ஸ் குழு, புரோபைன் போன்ற வேறு மூலக்கூறுகளும் இதே தரவுக்குப் பொருந்துகின்றன என்று காட்டியது. ரஃபேல் லூக்கே குழு, முந்தைய ஜேம்ஸ் வெப் தரவுகளையும் சேர்த்து அலசி ஆதாரம் போதாது என்றது. கேம்பிரிட்ஜ் குழுவும் சும்மா இருக்கவில்லை, 650 மூலக்கூறுகளை வைத்து மறுபடி தேடிப் பதில் கட்டுரை எழுதியது. முதல் கட்டுரை கேட்ட மேலாய்வுதான் இத்தனையும். "அதெல்லாம் பொய்யாம்" என்று இரண்டாவது செய்தியில் சுருங்கிப் போனது இதுதான்.

படி 7: திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள்

கட்டுரையின் முடிவுகளை நம்ப முடியாது என்று தெரிந்தால் ஆய்விதழ் அதைத் திரும்பப் பெறுவதுண்டு. அதைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஆய்விதழின் பக்கத்திலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் தேடலாம். கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் ஆர்செனிக்கைக் கொண்டு வாழும் பாக்டீரியா என்று 2010-ல் பெரிதாகப் பேசப்பட்டதே, அந்தக் கட்டுரையை சயின்ஸ் இதழ் 2025 ஜூலையில்தான் திரும்பப் பெற்றது. பதினைந்து ஆண்டு பழைய கட்டுரையையும் பார்த்துவிடுவது நல்லது.

கட்டுரைகளைச் சேமிக்க ஜோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இலவசம். சேமித்த கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டால் அதுவே எச்சரிக்கும். இதற்காகவே மற்ற மென்பொருள்களை விட்டு இதற்கு வந்துவிட்டேன்.

பின்னூட்டங்களுக்குப் பின் சேர்த்தவை

போனில் பிடிஎஃப் படிக்க முடியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆர்க்சிவில் இப்போது புதிய கட்டுரைகள் பலவற்றுக்கு எச்டிஎம்எல் வடிவமும் உண்டு. அதைத் திறந்தால் எழுத்து திரைக்கு ஏற்ப அமையும், உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியும் வேலை செய்யும். தமிழாக்கத்தில் கலைச்சொற்கள் குழம்பும் என்பதால் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்சிவில் இருந்தால் நம்பலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கே போடுவதற்கு முன் சக ஆய்வாளர்கள் மதிப்பிடுவதில்லை. 2023 ஜூலையில் எல்கே-99 என்ற அறை வெப்பநிலை மீக்கடத்தி (மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள்) பற்றிக் கொரியக் குழு எழுதியது முதலில் பரவியது ஆர்க்சிவ் வழியாகத்தான். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தார்கள், மீக்கடத்துத்திறன் கிடைக்கவில்லை. மின்தடை சட்டென்று குறைந்ததற்குக் காரணம் கலப்பாக இருந்த காப்பர் சல்பைடு என்று ஆகஸ்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆர்க்சிவ் பக்கத்தில் கருத்து என்ற வரியைப் பாருங்கள். எந்த இதழ் ஏற்றது என்று அங்கே பலர் எழுதியிருப்பார்கள்.

மருத்துவச் செய்திக்கு இந்த வழி ஓடவில்லை என்றும் ஒரு பின்னூட்டம். சரிதான், அதற்கு பப்மெட் தளம். அதில் முதலில் பார்க்க வேண்டியது சோதனை எலியிலா, மனிதரிலா என்பது. ஜப்பானில் பல் மீண்டும் முளைக்க மருந்து என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எலியிலும் ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு விலங்கிலும் பல் வளர்ந்ததாக 2021-ல் கட்டுரை வந்தது. கியோட்டோவில் 2024-ல் தொடங்கிய மனிதச் சோதனை முதல் கட்டம்தான், 30 ஆண்களிடம் மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பதற்கு. பல் மருத்துவரிடம் எடுத்திருக்கும் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.