ஜாக் மாஸியின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி

முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள். ராபர்ட் ஜான் ஆல்ரைட் மாஸி (1890–1966) ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில கிரிக்கெட் அணிக்கு ஆடிய இடதுகை வேகப்பந்து வீச்சாளர். சிட்னி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அழைத்ததென்னவோ ஜாக் என்றுதான். ‘ராபர்ட் மாஸி’ என்று தேடினால் 1972 லார்ட்ஸ் டெஸ்ட்டில் 16 விக்கெட் எடுத்த பாப் மாஸி வந்து நிற்பார். வெறும் ‘மாஸி’ என்றால் தந்தை ஹியூ. 1882 ஓவல் டெஸ்ட்டில் 55 ரன் அடித்தவர். ஆகவே ‘ஆர். ஜே. ஏ. மாஸி’ என்று முன்னெழுத்துகளோடு தேடுங்கள்.

ஆட்டங்களுக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம் போதும்; பழைய நாளிதழ்கள் இலவசம். இயந்திரம் படித்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும். பெயர் சிக்காவிட்டால் எதிரணியின் பெயரையும் தேதியையும் போட்டுத் தேடிவிட்டு, பக்கத்தின் படத்தையே பாருங்கள். ஸ்கோர் அட்டையில் எண் மங்கலாக இருந்தால் கூட்டிப் பார்க்கலாம்: அக்காலத்தில் வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறுவது வழக்கமில்லை. எனவே வீச்சாளர்கள் கொடுத்த ரன்களோடு உதிரிகள் அனைத்தையும் சேர்த்தால் அணியின் மொத்தம் வர வேண்டும்.

உண்மையான புதையல் ராணுவக் கோப்புதான். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக்காப்பகத்தில் பி2455 (B2455) என்ற வரிசையில் முதல் உலகப்போர் வீரர்களின் கோப்புகளை இணையத்திலேயே புரட்டலாம். அதிகாரிகளின் கோப்பில் பதவிக்கான விண்ணப்பத்தை முதலில் எடுங்கள்; பிறந்த தேதி, கல்வித் தகுதி, அன்றைய வேலை மூன்றும் ஒரே தாளில் இருக்கும். பொறியாளர் மாஸியை இங்கேதான் தேட வேண்டும். அடுத்து பி103 (B103) என்ற படிவம்: காயம், மருத்துவமனை, கப்பல், பதவி உயர்வு எல்லாம் அதில் வரிசையாக வரும். பலர் சறுக்குவதும் இதில்தான். இடப்பக்கத் தேதி தகவல் அனுப்பப்பட்ட நாள். சம்பவம் நடந்த நாள் வலப்பக்கம் இருக்கிறது. மாற்றி எடுத்தால் துருக்கியின் கல்லிப்போலிப் போர்முனையில் மாஸி பட்ட காயம் சில நாள் தள்ளிப்போகும். அவருடைய பந்துவீச்சை முடித்துவைத்த காயம் அது; அதன் தேதியில் பிழை கூடாது.

பட்டம் பெற்ற ஆண்டைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பட்டம் இருப்பதாலேயே ஒரு பாலத்தையோ அணையையோ அவர் பெயரில் எழுதிவிடாதீர்கள். வேலைக்குத் தனிச் சான்று வேண்டும்.

எல்லாவற்றையும் மாதவாரியாக ஒரே அட்டவணையில் போடுங்கள்: ஆட்டம், படிப்பும் வேலையும், ராணுவம். ஆஸ்திரேலிய கிரிக்கெட் பருவம் இரண்டு ஆண்டுகளில் விழுவதால் ‘1912’ என்று எழுதாமல் 1912-13 என்றே குறியுங்கள். சான்று கிடைக்காத கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.