ஆந்தைக்குப் பெட்டி வைப்பதற்கு முன்

வீட்டுப் பக்கம் ஆந்தை தங்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது கூட்டுப்பெட்டியின் அளவைத்தான். நான் முதலில் கேட்பது, எலிக்கு மருந்து வைக்கிறீர்களா என்று. ஆம் என்றால், பெட்டிப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

புரோமடியோலோன், புரோடிஃபாகூம் போன்ற எலி மருந்துகள் ரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். அதற்குள் இன்னும் மருந்து தின்னும், சோர்ந்துபோய் வெட்டவெளிக்கு வரும். அப்படிப்பட்ட எலியைத்தான் ஆந்தை சுலபமாகப் பிடிக்கும், முழுசாக விழுங்கும். விஷம் அதன் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். ஒரு எலியால் சாகாத ஆந்தை, அடுத்தடுத்துத் தின்பதில் விஷம் சேர்ந்துசேர்ந்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துப்போகும். எலியைக் கொல்ல வைத்ததே, எலி பிடிக்கும் பறவையையும் கொன்றுவிடுகிறது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

மாற்று வழி கடினமில்லை. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். அதனால் குழாய் நுழையும் இடம், கதவடி எல்லாவற்றையும் இரும்பு நார் திணித்துப் பூசி அடையுங்கள். குப்பைத்தொட்டிக்கு மூடி வேண்டும். வளர்ப்புப் பிராணிகளின் தீனியை இரவில் வெளியே விடாதீர்கள். மிச்சத்துக்கு எலிப்பொறி, அதுவும் வீட்டுக்குள். ஒட்டும் அட்டையை மட்டும் வெளியில் வைக்கவே கூடாது. சிக்கிய எலி கத்தும், அதைப் பிடிக்க இறங்கும் சின்ன ஆந்தையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வீடு நிறுத்தினால் மட்டும் போதாது. ஆந்தை தெரு முழுக்க வேட்டையாடும். குடியிருப்பில் பூச்சிக்கட்டுப்பாட்டுக்கு ஆள் வைத்திருந்தால், என்ன மருந்து போடுகிறார்கள் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். அக்கம்பக்கத்தாரிடம் பேசப் போகும்போது நான் ஆந்தை கக்கிய உருண்டை ஒன்றைக் கொண்டுபோவேன். ஜீரணமாகாத முடியும் எலும்பும் கட்டியாகி வெளியே வருவது அது. கையுறை போட்டுக்கொண்டு வெந்நீரில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் பிரித்தால், சாம்பல் முடிக்குள்ளிருந்து நகத்தளவு மண்டையோடு வரும், ஆரஞ்சு நிற முன்பற்களோடு. ஒரே உருண்டையில் மூன்று, நான்கு கூட இருக்கும். கறுப்புத் தாளில் வரிசையாக அடுக்கிக் காட்டுவேன். பிள்ளைகள் முதலில் வந்து உட்காருவார்கள், அப்புறம் பெரியவர்கள்.

அந்த உருண்டையும் வெள்ளை எச்சமும் மரத்தடியில் கிடந்தால், மேலே ஆந்தை இருக்கிறது என்று அர்த்தம். குஞ்சுகள் பறந்துபோகும்வரை கிளை வெட்டவேண்டாம். பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைக்கவும் வேண்டாம். விழும் ஆபத்தில்லாத பட்டமரத்தை அப்படியே விடுங்கள். இரவில் தேவையில்லாத வெளிவிளக்கை அணையுங்கள், விளையாட்டு வலையைச் சுருட்டி வையுங்கள். திறந்த தண்ணீர்த் தொட்டியில் ஒரு பலகையை மிதக்க விட்டால், உள்ளே விழுந்த ஆந்தை தொற்றி ஏறிக்கொள்ளும்.

சரி, இனி பெட்டி. கூகை என்ற வெள்ளைமுக ஆந்தைக்கு என்றால் தளம் 40க்கு 60 சென்டிமீட்டர், வாசல் 13 சென்டிமீட்டர் சதுரம். வாசலின் அடிவிளிம்பிலிருந்து தளம்வரை 45 சென்டிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும். பலரும் இந்த ஆழத்தில்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். ஆழம் குறைந்தால், பறக்கத் தெரியாத குஞ்சு வாசலுக்கு வந்து கீழே விழும். 3 மீட்டருக்கு மேலே, வெயிலும் மழையும் நேரே அடிக்காத பக்கம் மாட்டுங்கள். தளத்தில் வடிகால் துளை போடுங்கள். வைக்கோல் எதுவும் வேண்டாம், ஆந்தை கூடு கட்டாது.

ஆந்தை வந்துவிட்டால் எட்டிப் பார்க்காதீர்கள். அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். பசியில் குஞ்சுகள் ராத்திரி முழுக்கச் சீறும். அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்படமாட்டார்கள். கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடவே போடாதீர்கள்.

அடிபட்ட ஆந்தை கிடைத்தால், கனமான துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். அலகைவிடக் கால் நகங்கள்தான் ஆபத்து. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். உடனே வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு மையத்துக்கோ போன் செய்யுங்கள். எந்த இடத்தில் கிடைத்தது என்று பெட்டிமேல் எழுதி ஒட்டுங்கள். குணமானதும் அதே இடத்தில் கொண்டுபோய் விடுவதற்கு அது வேண்டும்.