பிள்ளையின் பள்ளிக் குழுவில் சேர்வது எப்படி: நீலகிரிப் பெற்றோருக்கு

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? நேராகத் தலைமையாசிரியரிடம் போய், பள்ளி மேலாண்மைக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், அதனால் நமக்கு என்ன தெரியும் என்று தயங்கவே வேண்டாம்.

உறுப்பினர் இடம் காலியாக இல்லையா, சரி, உதவிக்கு வருகிறேன் என்று சொல்லி ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் என்றால் ஜூன் மழைக்கு முன், கோத்தகிரி பக்கம் என்றால் ஐப்பசி மழைக்கு முன், கூரை எங்கே ஒழுகுகிறது, காட்டெருமை மேயும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் சின்னப் பிள்ளைகளை யார் கூட்டிவருவது என்று நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது இந்தக் குழுதான், உங்கள் குறிப்பு அதில் ஏற வேண்டும்.

அப்புறம், கூட்டம் காலை 11 மணிக்கு என்றால் கொழுந்து பறிக்கும் அம்மாக்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும், அது எனக்கு மனசே ஆறாத விஷயம். கடைசி பஸ்ஸுக்கு முன் முடிகிற மாதிரி மாலையில் வைக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.