பழைய ஏழு சீட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஏழு பேர், கையில் ஐந்தாறு லட்சம். இந்தக் கணக்கோடு பழைய இன்னோவாவோ எர்டிகாவோ தேடுகிறவர்களுடன் வண்டி பார்க்கப் பல வருடமாகப் போய் வருகிறேன். பெயின்ட், டயர், ஏசி எல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் போய் விழுகிற இடங்கள் வேறு.

மீட்டரை நம்பி விலை பேசுவது

எத்தனை முறை சொன்னாலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. "2012 மாடல், சிங்கிள் ஓனர், 85,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றதும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. இன்னோவா மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் திடமாக ஓடும். அதனாலேயே அதில் மீட்டரைக் குறைத்து விற்பது சுலபம். எவ்வளவு ஓடியது என்று வெளியே தெரியாது.

கூடுதல் விலை கொடுத்ததோடு இது முடிவதில்லை. 2016 வரை வந்த பழைய இன்னோவாவின் 2.5 டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது; வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குகிற ரப்பர் பெல்ட் அது. எர்டிகாவின் 1.3 டீசலில் இருப்பது செயின். பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றியே ஆக வேண்டும். மீட்டரே பொய் என்றால் கணக்கு எங்கிருந்து வரும்? தெரிந்தவர் ஒருவர் அப்படித்தான், மாற்ற இன்னும் நிறைய ஓட வேண்டும் என்று நினைத்துக் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பினார். விழுப்புரம் தாண்டியதும் பெல்ட் அறுந்தது. வால்வுகள் பிஸ்டனில் இடித்து, இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று. வயதான அம்மாவும் சின்னக் குழந்தைகளும் பைபாஸ் வெயிலில் நின்றார்கள். அப்புறம் சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், அந்த வண்டி மூன்று வருடத்துக்கு முன்பே இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

ஆகவே அட்வான்ஸுக்கு முன்பே, விற்பவரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். அவர் வர மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டி போர்டாக (டாக்ஸியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகத்துக்கு) மாறிய வண்டியா என்று ஆர்டிஓ ஆபீஸில் விசாரியுங்கள். பெல்ட் மாற்றிய பில் இல்லையா? மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

டெல்லி வண்டி மலிவு என்று ஓடுவது

டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு, டெல்லி இன்னோவாக்கள் நிறைய தெற்கே வந்தன. விலை குறைவுதான். ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியே தேவலாம் என்று ஆகிவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015, 2023 டிசம்பர் மழைகளில் மூழ்கிய சென்னை வண்டிகள் எந்த ஊருக்கும் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சேற்றுக் கறை இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசி வரிசையில் உட்காராமல் வாங்குவது

வீட்டாரைக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள்.

நின்றுபோன மாடல்

செவ்ரோலே 2017-ஓடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. அதன் டவேரா, என்ஜாய் மலிவாகக் கிடைக்கும். அதற்கு ஸ்பேர் கிடைக்கிறதா என்று உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆர்சியில் பேங்க் பெயர்

கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்சியில் பேங்க் பெயர் இருக்கும். கடன் தீர்ந்ததற்கான பேங்க் என்ஓசியும், அந்தப் பெயரை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸை மறப்பது

ஆர்சியைப் பெயர் மாற்றிவிட்டுப் பாலிசியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 14 நாளுக்குள் அதையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால், வண்டி இடிபட்டாலும் உங்கள் கிளைமை நிராகரித்துவிடுவார்கள்.