ஒரே அரசர், இரண்டு எடை: தாலர் குழப்பம் தீர்ந்த கதை

என்னிடம் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் தலை பொறித்த இரண்டு தாலர்கள், அதாவது அக்கால வெள்ளி நாணயங்கள், உண்டு. 1855இல் அடித்தது 22.2 கிராம், 1859இல் அடித்தது 18.5 கிராம்தான். அதே அரசர், அதே பெர்லின் நாணயச்சாலையின் ‘ஏ’ குறி. போலியோ என்று நான்கு நாள் தூக்கம் போயிற்று.

முதலில் தராசின் பேட்டரியை மாற்றினேன். அதே எடை. காந்தத்தில் இரண்டுமே ஒட்டவில்லை. விளிம்பில் ‘கடவுள் நம்மோடு’ என்ற ஜெர்மன் வாசகமும் இரண்டிலும் சரியாகவே இருந்தது.

அப்புறம்தான் பூதக்கண்ணாடியில் பின்பக்க எழுத்தைப் படித்தேன். பழையதில் ரோமன் எண்ணில் 14: ஒரு மார்க் (பழைய ஜெர்மன் எடை அளவு) தூய வெள்ளிக்கு 14 காசு. புதியதில் 30: ஒரு பவுண்டு, அதாவது 500 கிராம் தூய வெள்ளிக்கு 30 காசு. ஜெர்மன் அரசுகளும் ஆஸ்திரியாவும் சேர்ந்து போட்ட 1857 வியன்னா நாணய ஒப்பந்தம் செய்த மாற்றம் இது. வெள்ளியின் தூய்மை 75 சதவீதத்திலிருந்து 90க்கு ஏற, செம்பு குறைந்து எடையும் இறங்கிவிட்டது. கணக்குப் போட்டால் தூய வெள்ளி முன்பு 16.70 கிராம், பின்பு 16.67. கிட்டத்தட்ட ஒன்றுதான்!

சரி, லிப்பே என்ற இன்னொரு ஜெர்மன் சிற்றரசின் 1860 தாலரையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் 30, எடையும் 18.5. இப்போது தராசுக்கு முன் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன்.