ஊராட்சிக் கோப்புகளை நேரில் பார்ப்பது எப்படி?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றதும் பலரும் கேள்வி எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். மழுப்பலாக ஒரு வரிப் பதில் வந்தால் சோர்ந்துவிடுவார்கள். அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே), கோப்பை நேரில் பார்க்கவும், குறிப்பெடுக்கவும், சான்றிட்ட நகல் வாங்கவும், வேலை நடக்கும் இடத்தையே பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி கேட்கவும் நமக்கு உரிமை தருகிறது. புதியவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமம், அங்கே போட்ட ஒரு தார் ரோடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனுவுக்கு ஒரே வேலை. பத்து வேலையைச் சேர்த்துக் கேட்டால் பதில் இழுத்துக்கொண்டே போகும்.

வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதுங்கள். ‘பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்’ என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால், 5 நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. வாசகம் இப்படி இருக்கட்டும்:

“இன்ன ஊராட்சி, இன்ன வீதியில் இன்ன ஆண்டு போட்ட தார் ரோடு தொடர்பான மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், பில் ஆகியவற்றை நேரில் பார்வையிட விரும்புகிறேன். நாளும் நேரமும் எழுத்துமூலம் தெரிவிக்கவும். நான் குறிக்கும் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் தரவும்.”

‘ஏன் ரோடு மோசமாக இருக்கிறது?’ என்று எழுதாதீர்கள். அது விளக்கம் கேட்பது. சட்டம் தருவது ஆவணம்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். “இதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?” என்று கேட்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்வதை மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

பார்க்கப் போகும் முன் டேப் பிடித்து ரோட்டின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்பிலும் முக்கியமானது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் எம் புக் என்பார்கள். எவ்வளவு நீளம், அகலம், கனம் என்று அளந்து, எந்தத் தேதியில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். பணம் அந்த அளவை வைத்துத்தான் போகிறது. உங்கள் அளவோடு அதை ஒப்பிடுங்கள். மதிப்பீட்டில் உள்ள கனமும் எம் புக்கில் உள்ள கனமும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் அந்தப் பக்கங்களுக்கு நகல் கேளுங்கள்; பக்கத்துக்கு 2 ரூபாய். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள், பொதுத் தகவல் அலுவலருக்கு மேலுள்ள அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

நகல் கைக்கு வந்ததும் வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.

ரோடு பழகியதும் தண்ணீருக்கு வாருங்கள். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகள் உள்ளன. உங்கள் ஊர்க் குட்டை அதில் இருந்தால், அதற்கு எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்ற பதிவேட்டைப் பார்வையிட நீர்வளத்துறைக்கு இதே மாதிரி மனுப் போடுங்கள்.