எல்லை கடக்கும் காலநிலை ஆபத்துகள்: அண்டை நாடுகள் அறிவைப் பகிர்ந்து இணைந்து செயல்படுவதற்கான வழிகாட்டி

ஒரே ஆற்றையோ கடலையோ மலைத்தொடரையோ பகிர்ந்துகொள்ளும் நாடுகளில் வானிலை, நீர்வளம், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகளில் பணியாற்றுவோருக்கும், அவர்களோடு இணைந்து இயங்கும் தன்னார்வ அமைப்பினருக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது இவ்வழிகாட்டி. காலநிலை மாற்றம் குறித்து ஒவ்வொருவரும் பெற்ற அறிவை எல்லை கடந்து பகிரும் ஏற்பாட்டை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு நிலைக்கச் செய்வது என்பதே இதன் பொருள். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம், தன் 7ஆம் பிரிவில், தகவமைப்புக்கு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வதற்கு, பிராந்திய அளவிலான பரிமாணம் உண்டு என்பதை ஏற்று, தகவல்களையும் நல்ல நடைமுறைகளையும் கற்ற பாடங்களையும் நாடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. எதை, யாரிடம், எந்த நேரத்தில் பகிர்வது என்பதை அந்தந்தப் பகுதியினரே வகுத்துக்கொள்ள வேண்டும். பொதுவான கூட்டறிக்கையில் தொடங்கும் ஏற்பாடுகளைவிட, யாரோ ஒருவர் எடுக்கவேண்டிய குறிப்பிட்ட முடிவுக்குத் தேவையான தகவலில் தொடங்கும் ஏற்பாடுகளே நெடுநாள் நீடிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. இனி வரும் வழிமுறைகள் அனைத்தும் அதிலிருந்தே எழுகின்றன.

ஆபத்தின் பரப்பை வைத்துக் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஏற்கெனவே உள்ள அரசியல் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்களை அச்சுறுத்தும் ஆபத்து எங்கே பிறந்து எங்கே முடிகிறது என்பதை வரைபடத்தில் குறித்து, அதற்குள் வரும் அனைவரையும் அழையுங்கள். 1970 நவம்பரில் வங்காள விரிகுடாவில் உருவான புயல், இன்றைய வங்கதேசத்தின் கரையில் குறைந்தது மூன்று இலட்சம் உயிர்களைப் பறித்தது. அதன் பின்னர், 1972இல், உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் இணைந்து வெப்பமண்டலப் புயல்களுக்கான குழு ஒன்றை இப்பகுதிக்கு அமைத்தன. தாய்லாந்து முதல் ஏமன் வரை, தமக்குள் பல பிணக்குகள் கொண்ட 13 நாடுகள் இன்று அதில் உறுப்பினர்களாக உள்ளன. புது தில்லியிலுள்ள மையம் அவை அனைத்துக்கும் புயல் அறிவிப்புகளை அனுப்புகிறது. 2020இல் வெளியான புயல் பெயர்ப் பட்டியலில் நாட்டுக்கு 13 வீதம் 169 பெயர்கள் இடம்பெற்றன. இதற்கு மாறாக, தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு 2010ஆம் ஆண்டுத் திம்பு உச்சி மாநாட்டின் கருப்பொருளாகவே காலநிலை மாற்றத்தை வைத்துக்கொண்டது. ஆனால் 2014ஆம் ஆண்டுக்குப் பிறகு அதன் உச்சி மாநாடு நடைபெறவே இல்லை. தலைவர்கள் சந்திக்காத அந்த ஆண்டுகளிலும் புயல் அறிவிப்புகள் நிற்கவில்லை. அவற்றை ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்துக் காத்திருப்போர் இருப்பதே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

மலைப்பகுதிகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். 1983இல் தொடங்கப்பட்டு காத்மாண்டுவிலிருந்து இயங்கும் இசிமோட் (ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம்), ஆப்கானிஸ்தான் முதல் மியான்மர் வரை இந்துகுஷ் இமயமலைத் தொடரைப் பகிரும் எட்டு நாடுகளை உள்ளடக்கியது. பனியாறுகள் உருகுவதையும் பனியேரிகள் பெருகுவதையும் தனியொரு நாடு தன் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து அறிந்துவிட முடியாது. 1981இல் திபெத்தில் ஒரு பனியேரி உடைந்து வந்த வெள்ளம், கீழே நேபாளத்தில் பாலத்தையும் நீர்மின் கட்டமைப்பையும் சேதப்படுத்தியது.

முடிவை முதலில் எழுதுதல்

கூட்டாளிகள் சேர்ந்ததும் பலரும் செய்வது, தம்மிடம் என்னென்ன தகவல்கள் உள்ளன என்று பட்டியலிடுவதுதான். அதற்கு முன்பு, தகவலைப் பயன்படுத்தப் போகிறவர்களை அழைத்து உட்கார வையுங்கள்: அணையின் மதகைத் திறப்பவர், துறைமுகத்தை மூடுபவர், மருத்துவமனையில் கூடுதல் படுக்கைகளை ஒதுக்குபவர், எந்த நெல்லை விதைப்பது என்று தீர்மானிக்கும் உழவர். ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வாங்குங்கள். “மேற்பகுதியில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் இந்த நீர்மானி இந்த அளவைத் தாண்டினால், இத்தனை மணி நேரத்துக்குள், இந்தப் பதவியில் இருப்பவர் இதைச் செய்வார்” என்ற வடிவில் அது அமைய வேண்டும். இந்த வாக்கியத்தை எழுத முடியாத தகவலைத் தற்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

இப்படி எழுதும்போது கால அளவுகள் தாமே பிரிந்துவிடும். வெள்ளத்துக்கும் புயலுக்கும் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும், பயிருக்கும் குடிநீருக்கும் பருவக் கணக்கிலும், கடலரணுக்கும் பாலத்துக்கும் பல பத்தாண்டுக் கணக்கிலும் தகவல் வேண்டும். இம்மூன்றையும் ஒரே பணிக்குழுவிடம் ஒப்படைத்தால், அவசரமானது மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்.

பருவ அளவிலான முடிவுகளுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் நன்கு முதிர்ந்த முன்மாதிரி ஒன்று இருக்கிறது. அங்குள்ள 11 நாடுகளின் வானிலை அறிஞர்கள் 1998 முதல் முக்கிய மழைப்பருவங்களுக்கு முன்பு ஒன்றுகூடி, தத்தம் நாட்டுக் கணிப்புகளை ஒப்பிட்டு, ஒருமித்த முன்னறிவிப்பு ஒன்றை வெளியிடுகிறார்கள். வேளாண்மை, சுகாதாரம், நீர்வளம் ஆகிய துறையினரும் கூடி அதைத் தம் திட்டமாக மாற்றுகிறார்கள். தெற்காசியாவிலும் 2010 முதல் இத்தகைய கூட்டம் நடைபெறுகிறது. நீங்கள் இதைப் பின்பற்றினால், முன்னறிவிப்பின் நிகழ்தகவை எல்லோருக்கும் முதலில் விளக்கிவிடுங்கள். இயல்பைவிடக் கூடுதல் மழைக்கு 40 விழுக்காடு வாய்ப்பு என்றால், இயல்பான மழையோ குறைந்த மழையோ பெய்ய 60 விழுக்காடு வாய்ப்பு மிஞ்சுகிறது. இதை விளக்காமல் விட்டால், ஒரு பருவம் மாறிப் பெய்ததுமே உழவர்கள் முன்னறிவிப்பின் மீது நம்பிக்கையை இழந்துவிடுவார்கள். அதை மீட்பது மிகக் கடினம்.

தரவைக் கொடுத்தலும் பெறுதலும்

பெரும்பாலான ஏற்பாடுகள் இடறி விழுவது இங்கேதான். ஆகவே இதற்கு மிகுதியான நேரம் ஒதுக்குங்கள். நீர்த் தரவைப் பல நாடுகள் பாதுகாப்பு சார்ந்த இரகசியமாகக் கருதுகின்றன. சில துறைகள் அதை விலைக்கு விற்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டால் எதுவும் கிடைக்காது. 1995ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் உருவான மேக்கோங் ஆற்று ஆணையத்தில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் உறுப்பினர்கள்; மேற்படுகையிலுள்ள சீனா உறுப்பினர் அல்ல. வெள்ளப் பருவங்களுக்கு மட்டும் நீர்மட்டத் தரவைக் கொடுக்கச் சீனா 2002இல் ஒப்புக்கொண்டது. ஆண்டு முழுவதற்குமான தரவைக் கொடுக்க 2020இல் இசைந்தது. இடையில் கழிந்த 18 ஆண்டுகள் நீண்ட காலம்தான். ஆயினும் குறுகிய, மறுக்க முடியாத மனிதாபிமானத் தேவையிலிருந்து தொடங்கியதால்தான் அடுத்த படி சாத்தியமாயிற்று. நீங்களும் இரண்டு மூன்று நீர்மானிகளையும் ஒரு பருவத்தையும் மட்டும் கேட்டுத் தொடங்குங்கள். தயங்கும் அதிகாரிகளிடம் பேசும்போது, 2021இல் உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட ஒருங்கிணைந்த தரவுக் கொள்கையை மேற்கோள் காட்டுங்கள். அடிப்படையான தரவுகளைக் கட்டணமின்றியும் கட்டுப்பாடின்றியும் பரிமாறிக்கொள்ள உறுப்பு நாடுகள் அதில் இசைந்துள்ளன.

தரவு வரத் தொடங்கிய பின், அதைச் சரியாகப் புரிந்துகொள்வதற்கான விவரக் குறிப்பையும் சேர்த்து வாங்க வேண்டும். நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்பட்டதா, நீர்மானியின் சுழிப்புள்ளியிலிருந்து அளக்கப்பட்டதா என்று கேளுங்கள். மழை அளவு எந்த மணியிலிருந்து எந்த மணி வரைக்குமானது என்றும் கேளுங்கள். உலகப் பொது நேரத்தைவிட நேபாளம் 5 மணி 45 நிமிடமும், இந்தியா 5 மணி 30 நிமிடமும், வங்கதேசம் 6 மணி நேரமும் முன்னால் இருக்கின்றன. நேரத்தைக் குறிப்பிடாமல் அனுப்பப்படும் அளவீடு, வெள்ளம் விரைந்து வரும் ஆற்றில் ஆளை ஏமாற்றிவிடும். எல்லா அளவீடுகளையும் உலகப் பொது நேரத்தில் பதிவதும், கருவி மாற்றப்பட்ட நாளையும் இடம் மாற்றப்பட்ட நாளையும் குறித்துவைப்பதும் சிறிய வேலைகள்போலத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டுகள் கழித்து வெப்பநிலையின் உண்மையான ஏற்றத்தையும் கருவி மாறியதால் வந்த ஏற்றத்தையும் பிரித்துப் பார்க்க அந்தக் குறிப்புகள் மட்டுமே உதவும்.

இணைய வழியில் தரவு தானாகப் பாய்ந்தாலும், ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரு தொடர்பு அலுவலரும் அவருக்கு மாற்றாக இன்னொருவரும் இருக்க வேண்டும். தலைமடையில் இருப்பவர் சொல்லாமல் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வரும் நேரம் தெரியாது. நேபாளத்திலிருந்து பீகாருக்குப் பாயும் ரத்து ஆற்றில், மேற்பகுதி நீர்மானியைக் கவனிப்பவர் நீர் உயர்ந்ததும் எல்லைக்கு அப்பாலுள்ள கிராமத்தினரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. பெரும் செலவில்லாத இம்முறை இயங்குவதற்குக் காரணம், அழைப்பவரும் எடுப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே. ஆகவே பயணச் செலவுக்கு நிதி குறைவாக இருந்தால், உயர் அதிகாரிகளின் மாநாட்டைச் சுருக்கியாவது, பணிமுறையில் இருக்கும் இளநிலை அலுவலர்களைச் சில வாரங்கள் மறுபக்க அலுவலகத்தில் வேலை செய்ய அனுப்புங்கள்.

நடைமுறைகளைப் பகிர்தல்

ஓரிடத்தில் வென்ற முறையை இன்னோரிடத்தில் அப்படியே நட்டுவிட முடியாது. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பின், 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைத் தொடங்கியது. பிற நகரங்கள் பலவும் அதைப் பின்பற்றின. ஆனால் வறண்ட வெப்பமுள்ள நகரத்துக்கு வகுத்த எச்சரிக்கை வெப்பநிலை, ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரத்துக்குப் பொருந்தாது. அங்கே குறைந்த வெப்பநிலையிலேயே உடல் தளர்ந்துவிடும். பகிர வேண்டியது அந்த எண்ணை அல்ல, உள்ளூர் இறப்புப் பதிவேட்டையும் வெப்பநிலையையும் பொருத்தி அந்த எண்ணைக் கண்டறியும் முறையையே. ஒவ்வொரு நடைமுறைக் குறிப்பிலும் அது எந்தச் சூழலில் பயன்பட்டது, எவ்வளவு செலவாயிற்று, யார் பராமரித்தார்கள், யாருக்கு அதனால் இழப்பு, எங்கே பலிக்கவில்லை என்பவை இடம்பெற வேண்டும். பலிக்காததை எழுதுவோருக்குக் குற்றச்சாட்டு வராது என்ற உறுதியைத் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான், அடுத்தவர் அதே பள்ளத்தில் விழாமல் தப்பிக்கும் வகையில் உண்மை எழுதப்படும்.

சில அறிவு, சட்டத் தடை நீங்கினால்தான் எல்லை கடக்கும். ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கியும் பிழைக்கும் சுவர்ணா சப்1 நெல் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. மூழ்கலைத் தாங்கும் அதன் மரபணு, ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்தது. ஒரே ஆற்றுச் சமவெளியில் இருந்தாலும், அண்டை நாட்டில் மீண்டும் முழுச் சோதனைகளையும் நடத்திய பிறகே ஒரு விதையை வெளியிட முடியும் என்பது வழக்கமான விதி. இந்தியா, வங்கதேசம், நேபாளம் ஆகியவை 2014இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு நாட்டில் சோதித்து வெளியிட்ட நெல் வகையை ஒத்த சூழலுள்ள மற்ற நாட்டில் விரைவாக வெளியிடலாம். பின்னர் இலங்கையும் கம்போடியாவும் இதில் சேர்ந்தன. உங்கள் துறையிலும் இப்படி வழியை மறிக்கும் விதி எது என்பதைத் தொடக்கத்திலேயே தேடிக் கண்டறியுங்கள்.

கடைசி மனிதர் வரை

2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரைத் தாக்கும் முன்பே இந்திய வானிலை ஆய்வுத் துறை அந்நாட்டுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இருந்தும் ஐராவதி கழிமுகத்தில் 1,30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். நாட்டுக்கு நாடு தகவல் சேர்வதோடு பணி முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. ஆகவே எச்சரிக்கை எந்த மொழியில், எந்த வழியில், யார் வாயிலாகக் குடும்பங்களைச் சேரும் என்பதைப் பகிர்வு உடன்பாட்டிலேயே எழுதுங்கள். ஒரு நாட்டில் சிவப்பு நிறம் உடனே வெளியேறவும், இன்னொன்றில் ஆயத்தமாக இருக்கவும் உணர்த்தினால், எல்லையோரத்தில் இரு நாட்டு வானொலிகளையும் கேட்பவர் குழம்புவார். நிறங்களுக்கும் கலைச்சொற்களுக்கும் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை எல்லா மொழிகளிலும் தயாரியுங்கள். ஆண்டுக்கொரு முறை, பருவம் தொடங்கும் முன், எல்லையின் இரு பக்கத்திலும் ஒரே நாளில் ஒத்திகை நடத்தி, மேற்பகுதி அளவீட்டிலிருந்து கீழ்ப்பகுதியின் கடைசி வீட்டுக்குச் செய்தி சேர எத்தனை நிமிடங்கள் ஆயின என்று அளந்து பதியுங்கள்.

நிதி

நன்கொடைத் திட்டங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். நீர்மானியின் மின்கலம் அதற்குப் பிறகுதான் செயலிழக்கும். திட்டம் தொடங்கும் ஆண்டிலேயே பராமரிப்புச் செலவின் ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு அரசின் வரவுசெலவுத் திட்டத்திலும் சேர்க்கச் செய்து, ஆண்டுதோறும் அப்பங்கை உயர்த்துங்கள். கரீபியன் நாடுகள் 2007இல் தொடங்கிய பேரிடர் இடர் காப்பீட்டு நிதியம் இன்னொரு வழியைக் காட்டுகிறது: நாடுகள் சேர்ந்து கட்டணம் செலுத்துகின்றன, காற்றின் வேகம், மழை அளவு முதலிய முன்கூட்டி ஒப்புக்கொண்ட அளவுகோல்கள் எட்டப்பட்டால், சேத மதிப்பீட்டுக்குக் காத்திராமல் 14 நாட்களுக்குள் பணம் கிடைக்கிறது. அளவுகோல், நாடுகள் பகிரும் தரவைச் சார்ந்து அமைந்தால், பகிர்வை நிறுத்துவது நிறுத்துபவருக்கே இழப்பாகும். இத்தகைய நிதியம் அமைக்கும் நிலையில் நீங்கள் இல்லாவிட்டாலும், உடன்பாட்டைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு நாடும் முந்தைய ஆண்டில் பெற்ற தகவலால் எடுத்த முடிவுகளை எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக்கான நிதியை நிதியமைச்சகத்திடம் கேட்கும்போது இணைக்கவேண்டிய ஆவணம் அதுவே.